பெட்டகத்து உறுதியிலிருந்து லண்டன் வரை: பழைய காசின் தடம் பிடிப்பது எப்படி

பிரித்தானியர் காலத்து வங்கி, வர்த்தகம், முதலீடு என்று செயற்றிட்டம் கொடுத்தால் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கதையைத்தான் எழுதிக்கொண்டு வருவார்கள். கண்டிக் கோப்பி, தேயிலை, கொழும்புத் துறைமுகம், அவ்வளவுதான். மட்டக்களப்பும் அம்பாறையும் அதில் ஒரு வரியாகக்கூட வராது. நான் கணக்கியல் படிப்பித்தவள், ஆரையம்பதியில் இருக்கிறேன். இளைப்பாறிய பிறகும் பழைய உறுதிகளை வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லிப் பிள்ளைகளும் பெற்றோரும் வருகிறார்கள். வாசிக்க வாசிக்க எனக்குத் தெளிவானது ஒன்று: லண்டன் காசு எங்கள் பக்கத்துக்கும் வந்திருக்கிறது. ஆனால் வங்கியின் பெயரோடு வரவில்லை. மூன்று நான்கு கை மாறி, கடைசியில் உள்ளூர் ஆள் ஒருவரின் பெயரில் வந்தது. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

தடம் பிடிக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். லண்டனில் தொடங்க வேண்டாம், வீட்டுப் பெட்டகத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறுங்கள். ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்தக் கடன் திரும்பி வராமல் போனால் நஷ்டம் யாருக்கு?

எங்கே தேடுவது

முதலில் அம்மம்மாவிடம் போங்கள். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதால் பழைய உறுதிகளும் பெண் வழியில்தான் கை மாறியிருக்கும். அப்பாவின் அலுமாரியைத் தேடிக் களைத்துப்போகிற பிள்ளைகளிடம் நான் இதைத்தான் சொல்வேன். சீதன உறுதி, அறுதி உறுதி (காணியை முழுதாக விற்றது), ஈட்டு உறுதி (காணியை ஈடு வைத்துக் கடன் வாங்கியது), வரிப் பற்றுச்சீட்டு, கடைச் சிட்டை, வங்கிப் பாஸ் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மடிப்பில் கிழிந்திருந்தால் டேப் ஒட்ட வேண்டாம், லமினேட்டும் செய்ய வேண்டாம். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். பின்பக்கம் முக்கியம். காணிப் பதிவகம் எழுதிய தொகுதி இலக்கமும் ஃபோலியோ (பதிவேட்டுப் பக்கம்) இலக்கமும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

1978 சூறாவளியில் போனது, இடம்பெயர்வில் போனது, 2004 கடலோடு போனது என்று சொல்லும் வீடுகள் எங்களிடம் நிறைய. அந்த வீட்டுப் பிள்ளைகளும் மனம் விட வேண்டாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தில் நடக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டது. நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி பதிவாளருக்குப் போகும். எனவே வீட்டுப் பிரதி அழிந்தாலும் காணிப் பதிவகத்தில் தேடலாம். காணி இருக்கும் இடம், பழைய உரிமையாளரின் முழுப்பெயர், உத்தேசமான ஆண்டு, இந்த மூன்றும் கையில் இருந்தால் வேலை சுகம்.

இரண்டு சங்கதிகளை மறக்க வேண்டாம். அம்பாறை மாவட்டம் 1961இல்தான் பிரிந்தது. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பழைய காகிதங்கள் எல்லாம் மட்டக்களப்பு மாவட்டம் என்றுதான் இருக்கும். அதோடு ஊர்ப்பெயரும் மாறியிருக்கும். என் ஊரே பழைய காகிதங்களில் ஆரைப்பற்றை. கரவாகுப்பற்று, எருவில்பற்று, போரதீவுப்பற்று, நிந்தவூர்ப்பற்று என்று பற்றின் (பழைய நிர்வாகப் பிரிவின்) பெயரைப் பிடித்துத் தேடினால் தவறாது.

காசை ஆண்டோடு சேர்த்து வாசியுங்கள்

ஆண்டைப் பார்க்காமல் தொகையை வாசித்தால் முழுக்கணக்கும் பிழைத்துவிடும். அந்தக் காலத்தில் ஒரு பவுண் 20 சிலிங், ஒரு சிலிங் 12 பென்ஸ். ஒல்லாந்தர் விட்டுப்போன ரிக்ஸ் டொலர் 1825இல் ஒன்றரை சிலிங் என்று மதிப்பிடப்பட்டு, அரசாங்கக் கணக்கு பவுணுக்கு மாறியது. ஆனாலும் சனங்களின் கையில் புழங்கியது இந்திய ரூபாதான். கணக்குக்காக ஒரு ரூபாவை இரண்டு சிலிங் என்று வைத்துக்கொண்டார்கள், அதாவது 10 ரூபா ஒரு பவுண். 1872 ஜனவரி 1 முதல் கணக்கும் ரூபா, சதம் என்று ஆனது.

அதற்குப் பிறகுதான் சிக்கல். ரூபா வெள்ளி நாணயம், லண்டன் காசு தங்கத்தோடு கட்டப்பட்டது. 1870களில் இருந்து வெள்ளியின் விலை விழ விழ ரூபாவும் விழுந்தது. 1893இல் இந்திய நாணயசாலைகளைத் தனியார் வெள்ளிக்கு மூடி, சில வருடங்களில் ஒரு ரூபா 1 சிலிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தினார்கள். அப்போது 15 ரூபா ஒரு பவுண். 1927இல் 1 சிலிங் 6 பென்ஸ் ஆனது, ஒரு பவுணுக்கு 13 ரூபா 33 சதம். ஆகவே 1,500 ரூபா என்ற ஒரே தொகை 1865இல் 150 பவுண், 1902இல் 100 பவுண், 1930இல் ஏறத்தாழ 112 பவுண். இதை ஒரு தாளில் எழுதிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

இந்த வீழ்ச்சியில் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். ரூபாவில் கூலி கொடுத்து, விளைந்ததை லண்டனில் பவுணுக்கு விற்ற தோட்டக்காரருக்கு நல்லது. பவுணில் மூலதனம் போட்டு ரூபாவில் கடன் கொடுத்த வங்கிக்கு அது பேரிடி.

ஈட்டு உறுதி ஒன்றை வாசிப்பது

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். மாதிரிக்கு ஒன்றை வைத்துக்கொள்வோம்: 1902ஆம் ஆண்டு, களுதாவளைப் பக்கத்தில் ஒரு தென்னந்தோட்டம், 1,500 ரூபாவுக்கு ஈடு, நூற்றுக்கு 12 வட்டி.

முதலில் கடன் கொடுத்தவரின் பெயர். பெயருக்கு முன்னால் மூன்று நான்கு எழுத்துகள் வரிசையாக நின்று, பின்னால் செட்டியார் என்று முடிந்தால் அந்த எழுத்துகளை அப்பா, பாட்டனின் முதலெழுத்து என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அது அந்தக் கடையின் விலாசம். ஆவன்னா, ரூனா, பானா என்று வாயால் சொல்வார்கள். கையெழுத்து வைக்கிறவர் பெரும்பாலும் அற்றோணித் தத்துவத்தோடு (முதலாளிக்காகக் கையெழுத்து வைக்கும் அதிகாரத்தோடு) வந்த முகவர். சில வருடங்களுக்கு ஒரு முறை முகவர் மாறுவார், விலாசம் மாறாது. ஆகவே ஆளின் பெயரை விட்டுவிட்டு விலாசத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள். வேறு ஊர் உறுதிகளிலும் அதே விலாசம் வந்தால் ஒரு கடையின் கடன் எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்று தெரிந்துவிடும். கொடுத்தவர் செட்டியாராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. போடியார் (பெரிய வயற்காரர்) ஒருவர், காத்தான்குடி வியாபாரி ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உத்தியோகத்தர் ஒருவர், பறங்கி நொத்தாரிசு ஒருவர் என்று யாரும் இருக்கலாம். எழுதியிருக்கிற பெயரை அப்படியே எழுதுங்கள்.

அடுத்தது அட்டவணை. நான்கு எல்லைகளையும் வாசியுங்கள். ‘கிழக்கு: முடிக்காணி’ என்று வந்தால் பக்கத்து நிலம் அரசின் பெயரில் இருந்திருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, உரிமையைக் காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குச் சொந்தம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்த நிலத்தை விற்கும்போது தொடக்க விலை ஏக்கருக்கு 5 சிலிங்காக இருந்து, 1844இல் ஒரு பவுணாக உயர்ந்தது. காசு வைத்திருந்தவருக்கு அது விலையே அல்ல. சேனை வெட்டிச் சீவித்த குடும்பத்துக்கு ஒரு பவுண் எட்டாத தொகை. யார் கையில் தோட்டம் சேர்ந்தது என்பதன் தொடக்கம் பல இடங்களில் இந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது, எல்லாரும் விட்டுவிடுகிற இடம்: கடைசிப் பக்கத்தில் நொத்தாரிசின் சான்று. காசு எப்படிக் கை மாறியது என்று அங்கே எழுதியிருப்பார். ‘என் முன்னிலையில் எண்ணிக் கொடுக்கப்பட்டது’ என்றால் அன்றைக்குப் புதுக் காசு வந்திருக்கிறது. ‘முன்னரே பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொண்டார்’ என்றால் கவனியுங்கள். அன்று ஒரு சதமும் கை மாறாமல் இருந்திருக்கலாம். கடையில் துணி, அரிசி, மண்ணெண்ணெய் என்று எடுத்து ஏறிப்போன பற்றுக் கணக்கு, வட்டியோடு சேர்ந்து காணியின் மேல் எழுதப்பட்டிருக்கலாம். வீட்டில் பழைய சிட்டைகள் இருந்தால் அவற்றின் மொத்தத்தை உறுதியின் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே உறுதி, ஆனால் முதலாவது முதலீட்டின் கதை, இரண்டாவது கடனில் மூழ்கிய கதை. ஒரு வரியில்தான் வித்தியாசம்.

இப்போது அந்த 12 வட்டியை எடுத்து வையுங்கள். அதே 1902இல் இங்கிலாந்து வங்கியின் வட்டி வீதம் நூற்றுக்கு 3க்கும் 4க்கும் இடையில் இருந்தது. இடையில் இருக்கிற எட்டு, ஒன்பது எங்கே போனது என்பதுதான் அடுத்த படி.

கொழும்புப் படி

கொழும்பில் இருந்த பிரித்தானிய வங்கிகளை எக்ஸ்சேஞ்ச் வங்கிகள் என்பார்கள். சார்ட்டர்ட் வங்கியும் மேர்க்கன்டைல் வங்கியும் 1853இல் உருவானவை, முதலாவது லண்டனில், இரண்டாவது பம்பாயில். ஹொங்கொங் அன்ட் ஷங்ஹாய் வங்கி 1892இல் கொழும்பில் கிளை திறந்தது. இவற்றின் முக்கிய வேலை ஏற்றுமதி, இறக்குமதிக்குக் குறுகிய காலக் காசு கொடுப்பது. வயல் விதைக்கவும் தென்னம்பிள்ளை நடவும் காசு கொடுப்பது அவர்களுடைய வேலை இல்லை.

எப்படி நடந்தது என்று எங்கள் கொப்பறாவை வைத்தே பார்ப்போம். மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். அதுவரை சரக்கு கடல் வழியாகவோ வண்டிப் பாதையாகவோதான் போக வேண்டும். கொப்பறா கொழும்புக்குப் போய் எண்ணெயாகி லண்டனுக்குக் கப்பலேறும். ஏற்றுகிறவர் லண்டன் வாங்குபவரின் பெயரில் ஒரு மாற்றுண்டியல் எழுதுவார், இத்தனை மாதத்தில் இத்தனை பவுண் தர வேண்டும் என்று. அதோடு கப்பலில் ஏற்றிய பத்திரத்தையும் காப்புறுதியையும் சேர்த்து வங்கியிடம் கொடுத்தால், வங்கி ஒரு கழிவை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ரூபா கொடுத்துவிடும். உண்டியல் தவணைக்கு வரும்போது வங்கி லண்டனில் பவுணாக அறவிட்டுக்கொள்ளும். சரக்குப் பத்திரம் கையில் இருப்பதால் வங்கிக்குப் பயம் குறைவு. மரத்தில் தொங்குகிற தேங்காய்க்கு அப்படி ஒரு பத்திரம் கிடையாது. மரத்தடியில் இருக்கிறவருக்குக் கடன் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

அவருக்கும் வங்கிக்கும் இடையில் நின்றவர் செட்டியார். வங்கியில் ஷ்ரொஃப் என்று ஓர் உத்தியோகத்தர் இருப்பார். எந்தக் கடை நம்பிக்கையானது என்று சொல்வதும், அதற்குத் தானே பிணை நிற்பதும் அவர் பொறுப்பு. அவருடைய பிணையில் செட்டியார் கடை வங்கியிடம் வாங்கி, தன் சொந்தக் காசையும் சேர்த்து வெளியே கடன் கொடுக்கும். ஒவ்வொரு படியிலும் வட்டி ஏறும், ஆபத்தும் ஏறும். செட்டியார்மீது பழி போட்டு எழுதிவிட்டு முடிக்கும் கட்டுரைகளை நான் ஏற்பதில்லை. வெள்ளை வங்கி உள்ளே பார்க்க மறுத்த இடத்தில் போய் நின்று ஆபத்தைச் சுமந்தவர் அவர். அதேநேரம் கடைசியில் காணியை எடுத்துக்கொண்டவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

நஷ்டம் யாருக்கு என்ற கேள்விக்கு நல்ல உதாரணம் 1884. அந்தக் காலத்தில் ஓரியன்டல் பேங்க் கோப்பரேஷன்தான் இலங்கையில் பெரிய வங்கி, நோட்டும் அடித்து விட்டது. 1869இல் தொடங்கிய இலை நோயில் கோப்பி அழிந்தது. தோட்டங்களுக்குக் கொடுத்த கடன் திரும்பவில்லை. வெள்ளி விழுந்ததும் சேர்ந்துகொண்டது. 1884 மே 3ஆம் திகதி வங்கி கதவை மூடியது. தேசாதிபதி ஆர்தர் கோர்டன், வங்கி நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்து நோட்டு வைத்திருந்தவர்களைக் காப்பாற்றினார். அதே ஆண்டு சட்டம் இயற்றி, 1885 முதல் அரசாங்கமே நோட்டு வெளியிடத் தொடங்கியது. வைப்புக்காரர்கள் கலைப்பு நடவடிக்கையின் பின்னால் அலைந்தார்கள். உங்கள் ஊர் உறுதிகளில் 1884, 1885இல் ஈடுகளும் அறுதி விற்பனைகளும் கூடியிருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செயற்றிட்டம் எனக்குத் தெரியவில்லை.

கொம்பனியின் பெயர் வந்தால்

சில காணிகளில் ஆளின் பெயருக்குப் பதிலாக ஒரு கொம்பனி இருக்கும். இதில் இரண்டு வகை. லண்டனில் பதிந்து பவுணில் பங்கு விற்றவை ஸ்டேர்லிங் கொம்பனிகள், கொழும்பில் பதிந்தவை ரூபாக் கொம்பனிகள். இரண்டையும் நாளாந்தம் நடத்தியவை ஏஜென்சி ஹவுஸ்கள். 1835இல் தொடங்கிய ஜோர்ஜ் ஸ்டூவர்ட், 1868இல் காலியில் தொடங்கிய எய்ட்கன் ஸ்பென்ஸ் போன்றவை. கொம்பனிக் காணிக்குக் கையெழுத்து வைத்திருப்பது ஏஜென்சியாக இருந்தால் அதையே உரிமையாளர் என்று எழுதிவிடக் கூடாது.

தோட்டத்தின் பெயரும் ஏக்கரும் உரிமையாளரும் வேண்டுமென்றால் ஃபேர்குசன் டிரெக்டரியைப் பாருங்கள், பழைய பதிப்புகள் இணையத்தில் ஸ்கேன் வடிவில் கிடைக்கின்றன. கொம்பனி லண்டனில் பதிந்து பிறகு கலைந்துபோனது என்றால், இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் பி.டி. 31 (BT 31) என்ற தொகுப்பில் அதன் கோப்பு இருக்கலாம். பங்குதாரர்களின் பெயர், விலாசம், தொழில் எல்லாம் அதில் வரும். கலைப்பு அறிவித்தல்கள் லண்டன் கசெட்டில் இருக்கும், வீட்டிலிருந்தே இலவசமாகத் தேடலாம். சார்ட்டர்ட் வங்கியின் பழைய ஏடுகள் லண்டன் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மேர்க்கன்டைல் வங்கியை 1959இல் ஹொங்கொங் வங்கி வாங்கியதால் அதன் ஏடுகள் எச்.எஸ்.பி.சி. காப்பகத்தில். மின்னஞ்சல் எழுதும்போது ஒரு கேள்வி, ஓர் ஆண்டு, ஒரு பெயர் என்று சுருக்கமாகக் கேளுங்கள். ‘மட்டக்களப்பைப் பற்றி எல்லாம் அனுப்புங்கள்’ என்றால் பதில் வராது.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு இந்தத் தோட்டக் கதை முடிகிறது. அந்த ஆண்டுகளுக்குப் பிந்திய காகிதங்களில் தோட்டக் கொம்பனியின் பெயருக்குப் பதிலாகக் காணிச் சீர்திருத்த ஆணைக்குழு வந்தால் குழம்ப வேண்டாம்.

அரசாங்கக் காசு

தனியார் காசைத் தேடும்போது இதை மறந்துவிடுவோம். தேசாதிபதி ஹென்றி வோட் 1850களில் இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்துவித்தார். அதற்குச் செலவழித்தது லண்டன் முதலீட்டாளர் அல்லர், இலங்கை அரசின் வருமானம், அதாவது நாங்கள் கட்டிய வரி. ரயில் பாதை, துறைமுகம் போன்ற பெரிய வேலைகளுக்கு கிரௌன் ஏஜென்ட்ஸ் (லண்டனில் குடியேற்ற நாட்டு அரசாங்கங்களின் முகவர்) மூலம் லண்டனில் கடன் பத்திரம் விற்றார்கள். அந்தப் பத்திரத்துக்கு நஷ்டமே வராது, வட்டி நாட்டு வரியிலிருந்து முதலில் எடுத்து வைக்கப்படும். 12 வட்டிக்கு ஈடு வைத்தவரும் அந்த வரியைக் கட்டியவர்தான். இந்தப் பகுதிக்கு ஆண்டுதோறும் வந்த புளூ புக்கும் (அரசாங்கத்தின் புள்ளிவிவர ஏடு) நிர்வாக அறிக்கைகளும் போதும். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம், மட்டக்களப்புக் கச்சேரிக் குறிப்பேடுகளையும் அங்கேயே கேளுங்கள்.

பாஸ் புத்தகம் கிடைத்தால் ஆண்டைப் பாருங்கள். எங்கள் சனங்களுக்கும் கடன் கொடுக்க ஒரு வங்கி வேண்டும் என்று 1934 வங்கி ஆணைக்குழு சொல்லி, 1939இல்தான் இன்றைய இலங்கை வங்கி வந்தது. 1961இல் அதை அரசு எடுத்தது, மக்கள் வங்கியும் அந்த ஆண்டில்தான் பிறந்தது, வெளிநாட்டு வங்கிகள் இலங்கையருக்குப் புதுக் கணக்குத் திறப்பதும் நிறுத்தப்பட்டது.

எழுதும்போது

ஒரு காகிதத்துக்கு ஒரு பக்கம். மேலே ஆண்டு, தொகை, அந்த ஆண்டுப் பவுண் மதிப்பு, வட்டி. கீழே கை மாறிய வரிசை: ஈடு வைத்தவர், கொடுத்தவர், அவருக்குக் கொடுத்தவர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நஷ்டம் வந்தால் அவர் இழப்பது என்ன என்று எழுதுங்கள். காணியா, பிணைக் காசா, பங்குப் பணமா, அல்லது ஒன்றுமே இல்லையா? காகிதத்தில் தெரிவதை நீல மையிலும் நீங்கள் ஊகிப்பதைப் பென்சிலிலும் எழுதினால் பிறகு குழப்பம் வராது. செட்டியாருக்கு எந்த வங்கி கொடுத்தது என்று பெரும்பாலும் தெரியாது. அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள், ஊகித்து ஒரு வங்கியின் பெயரைப் போட வேண்டாம்.

கடைசியாக, மற்றவர் வீட்டு உறுதியை அனுமதி இல்லாமல் ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். எங்கள் பக்கத்தில் நூறு வருடத்து ஈடு இன்றும் வழக்காகலாம். ஊர்ப் பெயரையும் ஆண்டையும் வைத்துக்கொண்டு ஆட்பெயரை மறைத்து எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒரு பிரதியை உறுதி தந்த வீட்டுக்கும் இன்னொன்றைப் பாடசாலை நூலகத்துக்கும் கொடுங்கள்.